3.3 சதவீதம்தானா? அமெரிக்க ஹிஸ்பானிக் பெரியவர்களும் மின் சிகரெட்டும்

கதிர்_ஹூஸ்டன்

வணக்கம். பொதுச் சுகாதாரத்திலோ மருத்துவத்திலோ இருப்பவர்கள் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும்.

ஹூஸ்டன் பக்கம் ஒரு கிடங்கில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் ஷிப்டில் முக்கால்வாசிப் பேர் லத்தீன் அமெரிக்கப் பூர்வீகம். மெக்சிகோக்காரர்கள் அதிகம், அடுத்து ஹோண்டுராஸ், எல் சால்வடோர். இடைவேளையில் லாரி நிற்கும் பக்கம் போனால் சிகரெட் நாற்றத்தை விடத் தர்பூசணி, மாம்பழ வாசனைதான் தூக்கல். இளவட்டங்கள் பலர் கையில் வண்ண வண்ணமாக வேப் டப்பா, அதாவது மின் சிகரெட், இருக்கிறது.

போன வாரம் ஊழியர் நலத்திட்டம் பற்றி ஒரு கூட்டம். புகைப்பழக்கத்தை விட உதவும் வகுப்பை ஸ்பானிஷிலும் நடத்தலாம் என்று கேட்டேன். மேலே இருப்பவர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். 2021 தேசிய சுகாதார நேர்காணல் ஆய்வுப்படி அமெரிக்கப் பெரியவர்களில் மின் சிகரெட் பிடிப்பவர்கள் 4.5 சதவீதம். வெள்ளையரில் 5.2, ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க, ஸ்பானிஷ் பூர்வீக) மக்களில் 3.3. "இவர்களிடம் இந்தப் பிரச்சினையே குறைவு, தனிச் செலவு எதற்கு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அரசாங்க ஆய்வு, அதனால் எண்ணைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் நான் தினமும் பார்ப்பது வேறு. எங்கே இடிக்கிறது?

எண்மனம்

எண் சரிதான் கதிர். அதே ஆண்டின் சிகரெட் கணக்கும் அந்தப் பக்கமே சாய்கிறது: மொத்தத்தில் 11.5 சதவீதம், ஹிஸ்பானிக் 7.7. நாடு முழுவதற்குமான சராசரியைத் தூக்கி உங்கள் லாரித் தளத்தில் வைத்ததுதான் தப்பு.

அந்த 4.5ஐ வயதுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். 18 முதல் 24 வயதில் 11 சதவீதம், 25 முதல் 44 வரை 6.5, 45 தாண்டினால் வெறும் 2. உங்கள் ஷிப்டில் பாரம் தூக்குகிறவர்கள் அநேகமாக முதல் இரண்டு கூட்டத்தில் வருவார்கள். 2023இல் அதே ஆய்வு மறுபடி எடுத்தபோது மொத்த அளவே 6.5க்குப் போய்விட்டது. தாளில் இருப்பது பழைய கணக்கு என்பதையும் அவரிடம் சொல்லலாம்.

இன்னொன்று பிறந்த இடம். அமெரிக்காவில் உள்ள லத்தீன் மக்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். இங்கேயே பிறந்தவர்கள், வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள், குடியேறி வந்தவர்களை விட அதிகமாக வேப் பிடிக்கிறார்கள் என்பது ஆய்வுக்கு ஆய்வு திரும்பத் திரும்ப வருகிறது. வாழ்நாளில் புகையே தொடாத குவாத்தமாலாப் பாட்டியும் ஹூஸ்டனில் பிறந்த பேரனும் அந்த 3.3இல் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது, "ஹிஸ்பானிக்" என்று எல்லாரையும் ஒரே கட்டத்தில் அடைப்பது. நியூயார்க்கின் பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ என்று நான்கு இடங்களில் 2008 முதல் 2011 வரை 16,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள், ஹிஸ்பானிக் சமூக சுகாதார ஆய்வு என்று. வேப் பரவுவதற்கு முந்தைய காலம், அதனால் சிகரெட்டைத்தான் எண்ணினார்கள். போர்ட்டோ ரிக்கோ ஆண்களில் 35 சதவீதம் பேர் புகைக்கிறார்கள், பெண்களில் கிட்டத்தட்ட 33. டொமினிகன்களில் ஆண், பெண் இருபாலரிலும் 11ஐ ஒட்டித்தான். இரண்டு சாராரும் பிராங்க்ஸில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறார்கள், பேசுவதும் ஸ்பானிஷ்தான். மூன்று மடங்கு வித்தியாசம்! இவர்களுக்குச் சராசரி எடுத்து நடுவில் ஒரு எண்ணைச் சொன்னால் அது அந்த இரண்டு தெருவில் எதற்குமே பொருந்தாது.

"ஆசியர்" கட்டத்துக்கும் இதே கதைதான். 2021இல் 2.9 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். நாமும் கொரியர்களும் வியட்நாமியர்களும் அதற்குள் ஒன்றாக இருக்கிறோம்.

செந்தில்_லீட்ஸ்

ஒரு மாற்றுக் கருத்து. ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவன் வேப்புக்கு மாறினால் அதைப் பிரச்சினை என்று ஏன் எழுதுகிறோம்? எரியும் புகையிலைதான் கொல்கிறது. நான் 18 வயதில் ஆரம்பித்த சிகரெட்டை வேப்பை வைத்துத்தான் விட்டேன். இங்கே பிரிட்டனில் அரசாங்கமே 2023இல் பத்து லட்சம் புகைப்பாளர்களுக்கு வேப் கிட் தரும் திட்டம் அறிவித்தது. தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச், சூயிங்கம் இவற்றைக் காட்டிலும் நிகோடின் உள்ள மின் சிகரெட் அதிகம் பேரைச் சிகரெட்டை நிறுத்த வைக்கிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் உறுதியாகச் சொல்கிறது.

அமெரிக்காவில் வேப்பைப் பூதமாகக் காட்டியே வைத்திருக்கிறார்கள். 2019இல் நுரையீரல் பாதிப்பு வந்து 2,800 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம் என்று தெரிந்த பிறகும், பழி நிகோடின் வேப் மேலேயே நின்றுவிட்டது. ஸ்பானிஷ் பேசும் புகைப்பாளருக்கு அந்தப் பயம் மட்டும் போய்ச் சேர்ந்து, மாறலாம் என்ற தகவல் போய்ச் சேராவிட்டால் அவர் சிகரெட்டிலேயே கிடப்பார். அது நியாயமா?

தேன்மொழி

செந்தில் தம்பி, நீங்கள் விட்டது நிஜமாகவே சந்தோஷம். ஆனால் நான் பார்க்கிற ஆட்கள் வேறு மாதிரி.

பிராங்க்ஸில் ஒரு சமூக மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். எங்கள் படிவத்தில் "புகைக்கிறீர்களா" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் "இல்லை" என்றால் அந்தப் பகுதி முடிந்தது, அடுத்த பக்கம். வேப் அடிக்கிறவர்கள் அந்தக் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, சிகரெட்டைத்தானே கேட்கிறோம்.

ஒரு தாய் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வந்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் வர நேரமாகும் என்று மகனே பக்கத்தில் உட்கார்ந்து பேசினான், இருபது வயசுக்கு மேல் இருக்கும். வீட்டில் யாராவது புகைப்பார்களா என்று கேட்டேன். அம்மாவிடம் கேட்காமலே "யாரும் இல்லை" என்றான். அவன் ஸ்வெட்டர் பையில் பச்சை நிற வேப்பின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா முன்னால் நான் எப்படிக் கேட்பது? அவர் கழிப்பறைக்குப் போன நேரத்தில் கேட்டேன். "அது சிகரெட் இல்லையே" என்றான். எத்தனை நாளைக்கு ஒன்று வாங்குகிறாய் என்றதும், வாரத்துக்கு ஒன்று என்றான். இதற்கு முன் சிகரெட் உண்டா என்றால், பார்ட்டிகளில் யாராவது கொடுத்தால் ஒன்று, அவ்வளவுதான்.

நியூயார்க் மாநிலத்தில் 2020 மே முதல் சுவையூட்டிய வேப் விற்கக் கூடாது. மூலையில் இருக்கும் போடேகாவில் (சின்ன மளிகைக் கடையில்) கல்லாவுக்குப் பின்னால் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் "விட்டுவிடுங்கள்" என்று சொல்வதே லத்தீன் நோயாளிகளுக்குக் குறைவாகத்தான் கிடைக்கிறது, விட உதவும் மருந்தும் அப்படியே. "உங்களிடம் பிரச்சினை குறைவு" என்று எண்ணைக் காட்டிக் காட்டி வந்த பலன் இது. எனக்கு இதில் கோபம் உண்டு.

மீனா_சான்அன்டோனியோ

தேன்மொழி அக்கா சொன்ன அந்தப் பையன் எங்கள் வீட்டிலும் இருக்கிறான்.

என் கணவர் குடும்பம் மெக்சிகோப் பூர்வீகம், மூன்று தலைமுறையாக டெக்சாஸில். மாமனார் வாரநாளில் சிகரெட்டைத் தொட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கார்னே அசாடா (மாட்டிறைச்சி) சுடும்போது பீரோடு ஒன்று, கின்சென்யெரா (பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள்) மாதிரி விசேஷம் என்றால் இரண்டு மூன்று. ஒரு பாக்கெட் வாங்கினால் மாதக்கணக்கில் டிராயரில் கிடந்து காய்ந்து போகும். கொழுந்தனும் அதே பழக்கத்தில்தான் வளர்ந்தான்.

அவன் இப்போது சிகரெட்டை "விட்டுவிட்டான்". துணியில் வாடை இல்லை என்று மாமியாருக்கு நிம்மதி. ஆனால் வேப் டிரக்கில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. ராத்திரி தூக்கத்தில் எழுந்து இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் திரும்பப் படுக்கிறான் என்று அவன் மனைவி என்னிடம் சொல்லி அழுதாள். வாரத்துக்கு ஒரு சிகரெட் பிடித்தவன் எதிலிருந்து எதற்கு மாறினான் சொல்லுங்கள்?

மருந்தாளர்_பாலா

மீனா கேட்டதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நான் சான் டியேகோவில் மருந்துக்கடையில் இருக்கிறேன், எல்லைக்கு ரொம்பப் பக்கம்.

ஒரு சிகரெட்டில் உடம்புக்குள் போகும் நிகோடின் சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம். தினம் இரண்டு பிடிப்பவருக்கு 2 முதல் 3 மி.கி. இங்கே பரவலாக ஓடிய ஒரு டிஸ்போசபிள் (தீர்ந்ததும் தூக்கி எறியும்) வேப்பை எடுங்கள்: 13 மில்லிலிட்டர் திரவம், அட்டையில் 5 சதவீதம், அதாவது மில்லிலிட்டருக்கு 50 மி.கி. பெருக்கினால் 650 மி.கி. திரவத்தில் இருப்பது அத்தனையும் உடம்பில் சேராது, உண்மை. பாதிதான் சேர்கிறது, இரண்டு வாரம் வருகிறது என்றே வைப்போம். அப்போதும் நாளைக்கு 23 மி.கி. தினம் இரண்டு சிகரெட் பிடித்தவருக்கு அது கிட்டத்தட்ட பத்து மடங்கு. தேன்மொழி சொன்ன பையன் மாதிரி வாரத்துக்கு ஒன்று என்றால் நினைத்துப் பாருங்கள்.

செந்தில், உங்கள் ஊரில் சட்டப்படி மில்லிலிட்டருக்கு 20 மி.கி.தான், தொட்டி 2 மி.லி.தான். மொத்தம் 40 மி.கி. இங்கே ஒருவர் கையில் இருப்பது 650. இரண்டையும் "வேப்" என்று ஒரே பெயரில் வைத்துப் பேசினால் நமக்குள் ஒத்து வராது.

முன்பெல்லாம் அவ்வளவு அடர்த்தி வைத்தால் தொண்டை எரியும், யாராலும் இழுக்க முடியாது. பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடின் உப்பாக்கியதும் அந்த எரிச்சல் போய்விட்டது. புதுசாகத் தொடங்குகிறவருக்கு "போதும்" என்று சொல்லும் உறுத்தல் அதுதான், அதையே எடுத்துவிட்டார்கள்.

கவுன்ட்டரில் நான் படும் பாடு ஒன்று உண்டு. பேட்ச் பெட்டியில் இருக்கும் அட்டவணை சிகரெட் எண்ணிக்கையை வைத்துப் போட்டது. நாளைக்குப் பத்துக்கு மேல் என்றால் 21 மி.கி., பத்தோ அதற்குக் கீழோ என்றால் 14. "முன்பு எத்தனை பிடித்தீர்கள்" என்று கேட்டால் "வாரத்துக்கு ஐந்து" என்பார்கள். அதை நம்பி 14 கூடத் தர யோசிப்போம். ஆனால் அவர் இப்போது வேப்பில் இழுப்பது நாளைக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிற ஆளுக்குச் சமமாக இருக்கும். அதனால் நான் கேட்பது, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு என்பது. அரை மணிக்குள் என்றால் பழக்கம் கெட்டியாகப் பிடித்துவிட்டது. சூயிங்கத்தில் 2 மி.கி.யா 4 மி.கி.யா என்று முடிவு செய்வதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

செந்தில்_லீட்ஸ்

40க்கும் 650க்கும் உள்ள தூரம் பெரிய தூரம்தான். மீனாவின் கொழுந்தனுக்கு வேப்பை எடு என்று நானும் சொல்ல மாட்டேன். அவனுக்கு விட வேண்டிய பழக்கமே பெரிதாக இருக்கவில்லை.

ஆனால் எண்மனம் சொன்ன அதே ஆய்வை நானும் எடுத்துப் பார்த்தேன். கியூபர்களும் அதில் இருக்கிறார்கள், ஆண்களில் 31 சதவீதத்துக்கு மேல் புகைக்கிறார்கள், நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிற ஆட்களும் அவர்களில் நிறைய. மயாமியில் நாற்பது வருஷமாகப் பாக்கெட் பாக்கெட்டாக ஊதும் ஒரு பெரியவர், பேட்ச் ஒட்டியும் முடியாதவர், அவருக்கு வேப் ஒரு வழிதானே? கொழுந்தனை வைத்து அந்தப் பெரியவரின் கதவையும் சாத்திவிடாதீர்கள். என் வேண்டுகோள் அவ்வளவே.

எண்மனம்

சாத்த வேண்டியதில்லை. இதை விவரமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் எல்லாரும் மேற்கோள் காட்டும் பரிசோதனை உங்கள் நாட்டில்தான் நடந்தது. 2019இல் வெளியானது, 886 பேர். ஒரு வருடம் கழித்து மின் சிகரெட் வாங்கியவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள், பேட்ச் போன்ற மாற்று வாங்கியவர்களில் 9.9. நல்ல வித்தியாசம்.

அந்த 886 பேர் யார் என்று பார்க்க வேண்டும். விட வேண்டும் என்று தாங்களாகவே அரசு உதவி மையத்துக்கு வந்த புகைப்பாளர்கள். குறைந்தது நான்கு வாரம் வாரம்தோறும் நேரில் ஆலோசனை கிடைத்தது. நீங்கள் சொல்கிற மயாமிப் பெரியவருக்கு இதெல்லாம் பொருந்தும், பக்கத்தில் யாராவது ஸ்பானிஷில் உட்கார்ந்து பேசினால். அதே பரிசோதனையில், வெற்றிகரமாக விட்டவர்களில் மின் சிகரெட் பிரிவில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை வைத்திருந்தார்கள். பாக்கெட் ஆளுக்கு அது ஏற்கக்கூடிய விலை. சிகரெட் பெரிதாகப் பிடிக்காதவருக்கு அந்த விலையைக் கொடுத்து வாங்க எதுவும் இல்லை.

லத்தீன் புகைப்பாளர்களில், குறிப்பாக மெக்சிகோப் பூர்வீகத்தில், தினமும் பிடிக்காதவர்களும் நாளைக்கு ஓரிரண்டோடு நிறுத்திக்கொள்பவர்களும் அதிகம் என்பது பல வருடமாகத் தெரிந்த செய்தி. வருமானமும் காப்பீடும் குறைவாக இருந்தும் லத்தீன் மக்கள் வெள்ளையரை விட நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் வியக்கிறார்களே, அதில் பெரும் பங்கு இந்தக் குறைந்த புகைப்புக்குத்தான். அவர்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அது. கதிரின் கிடங்கில் அது கரைந்துகொண்டிருக்கிறதோ என்பதுதான் என் கவலை.

வடசென்னை_வாசு

எதற்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டும்? இந்தியாவில் 2019இல் ஒரே சட்டத்தில் விற்பனை, தயாரிப்பு, இறக்குமதி எல்லாவற்றையும் மூடினார்கள். அங்கேயும் மூடிவிட்டால் சரி.

மருந்தாளர்_பாலா

வாசு சார், எனக்குப் பக்கத்து நாடே அதைச் செய்து பார்த்தது. மெக்சிகோ 2020இல் இறக்குமதியைத் தடுத்தது, 2022 மே 31இல் விற்பனையைத் தடுத்தது, 2025 ஜனவரியில் அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டது. அப்படியும் கள்ளச்சந்தை ஓடுகிறது. நீங்கள் இருக்கும் ஊரில் கிடைக்கவே இல்லை என்று சொல்ல முடியுமா?

அரைகுறைத் தடை இன்னும் மோசம். 2020 பிப்ரவரியில் இங்கே மத்திய அரசு பழச்சுவை பாட்களை (வேப்பில் மாற்றி மாற்றிப் போடும் திரவக் குப்பிகளை) மட்டும் நிறுத்தியது, டிஸ்போசபிள்களை விட்டுவிட்டது. சந்தை அப்படியே அங்கே பாய்ந்தது. கதிர் முகர்கிற தர்பூசணி வாசனை அந்த ஓட்டை வழியாக வந்ததுதான். எஃப்.டி.ஏ. (அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம்) அனுமதி இல்லாத சரக்கு, கடையில் பகிரங்கமாக விற்கிறது. கலிஃபோர்னியா 2022 டிசம்பரில் சுவையூட்டிய வேப் எல்லாவற்றையும் கடையிலிருந்து எடுக்கச் சொன்னது, அது எனக்குப் பிடித்த சட்டம். ஆனாலும் சட்டம் கடைக்காரரைத்தான் தடுக்கும். ஏற்கெனவே பழகிவிட்டவர் கவுன்ட்டருக்கு வந்தால் அவரோடு பேச ஆள் வேண்டும்.

கதிர்_ஹூஸ்டன்

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை மறுபடி பேசப் போகிறேன். இந்த முறை சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு வாதாட மாட்டேன். நம் ஷிப்டில் இருப்பவர்களின் வயது என்ன, அவர்கள் முன்பு எவ்வளவு பிடித்தார்கள், இப்போது எவ்வளவு இழுக்கிறார்கள் என்று கேட்கச் சொல்லப் போகிறேன். தேன்மொழி அக்கா, அவர்களைக் கூச்சப்படுத்தாமல் எப்படிக் கேட்பது?

தேன்மொழி

புகைக்கிறாயா என்று ஆரம்பிக்காதீர்கள் தம்பி. "ஒரு டப்பா உனக்கு எத்தனை நாள் வரும்?" என்று சகஜமாகக் கேளுங்கள். காசு பற்றிய பேச்சாகத்தான் தொடங்கும், அவர்களே "முன்பெல்லாம் இரண்டு வாரம் வரும், இப்போது ஐந்து நாள்தான்" என்று சொல்லிவிடுவார்கள். அதைச் சொல்லும்போதே முகத்தில் ஒரு யோசனை வரும். அதற்குப் பிறகு பேசுவது சுலபம்.

சூப்பர்வைசர் கேட்கிறார், வேலைக்கு ஆபத்து என்று பயப்படவும் கூடும். பெயர் எழுதிக்கொள்ள மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைக் காப்பாற்றவும் வேண்டும். முடிந்தால் அவர்களில் ஒருவரையே கேட்க வையுங்கள். பெரியவர் யாராவது இருப்பார், அவர் சொன்னால் கேட்பார்கள்.

சுவரில் இந்த எண்ணை ஒட்டுங்கள்: 1-855-335-3569. ஸ்பானிஷில் பேசும் உதவித் தொலைபேசி, இலவசம், வேப்புக்கும் சேர்த்துத்தான்.

மருந்தாளர்_பாலா

கதிர், கூட்டத்தில் செலவு என்று மறுபடி சொன்னால் இதைக் கேளுங்கள். இப்போதைய சட்டப்படி பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் புகையிலையை விட உதவும் ஆலோசனையையும் மருந்தையும் கைக்காசு இல்லாமல் தர வேண்டும், வருடத்துக்கு இரண்டு முயற்சி வரைக்கும். கம்பெனி ஏற்கெனவே பிரீமியம் கட்டிய விஷயம் அது. ஆனால் ஒன்று, பேட்ச் சும்மா கடையில் எடுத்தால் காசு கொடுக்க வேண்டியிருக்கும். டாக்டர் சீட்டு இருந்தால்தான் காப்பீட்டில் ஏறும். இது தெரியாமல் முப்பது நாற்பது டாலர் விலையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பக்கத்துக் கடையில் வேப் அதில் பாதி விலைதானே.

கதிர்_ஹூஸ்டன்

எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் ஏஜென்சி மூலம் வந்தவர்கள், காப்பீடே இல்லை. டெக்சாஸில் மெடிக்கெய்டும் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கவில்லை.

மருந்தாளர்_பாலா

அப்படியானால் அவர்களுக்குத் தேன்மொழி கொடுத்த எண்தான் முதல் படி. பல மாநிலங்களில் அந்த உதவி எண் வழியாகவே பேட்சைத் தபாலில் இலவசமாக அனுப்புகிறார்கள். யார் தகுதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதனால் நீங்களே ஒரு முறை கூப்பிட்டு டெக்சாஸுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த விவரத்தை ஸ்பானிஷில் ஒரு பக்கமாக அடித்து அந்த எண்ணோடு சேர்த்தே ஒட்டுங்கள். அதை யார் சரிபார்ப்பது?

மீனா_சான்அன்டோனியோ

என்னிடம் அனுப்புங்கள் கதிர் அண்ணா. நானும் என் கணவரும் இன்று ராத்திரியே பார்த்துத் தருகிறோம்.